ஃபாரின் கீ: அந்நியத் திறவுகோலா, அயற்சாவியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தரவுத்தளத்தில் (டேட்டாபேஸ்) ஒரு வரிசையின் அடையாள எண்ணை வேறோர் இடத்தில் குறித்துவைத்து அந்த வரிசையைச் சுட்டுவதே ஃபாரின் கீ. அதற்குத் தமிழில் ‘அந்நியத் திறவுகோல்’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வகுப்பறையில் அந்தச் சொல் பொருளை மறைத்துவிடுகிறது என்பதால் ‘அயற்சாவி’ என்பதை முன்வைக்கிறேன்.

மும்பை தாராவியில் ஞாயிறுதோறும் தரவுத்தளப் பாடத்தைத் தமிழில் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒரு தையற்கடையின் கணக்கை இரண்டு அட்டவணைகளாகப் பலகையில் எழுதினேன். வாடிக்கையாளர் அட்டவணையில் 17 என்பது ஒருவரின் எண். ஆர்டர் அட்டவணையிலோ அதே 17 மூன்று வரிசைகளில் வருகிறது. “அக்கா, இங்கே இருக்கிற 17 யாரோடது?” என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்து வீட்டுச் சாவி நம் வீட்டு ஆணியில் தொங்குகிறதே, அதுபோல என்றேன். சுவரோடு சுவராக வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தகவலைத் தனித்தனிக் கோப்புகளில் வைக்கும் கோப்பமைப்பிலிருந்து தரவுத்தளத்துக்கு வருபவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். சுட்டுவரிசை (இண்டெக்ஸ்) உள்ள கோப்பில் ஒரு பதிவின் சாவி, அந்தப் பதிவை விரைவில் எடுத்துத் தரும். ஆனால் வேறொரு கோப்பில் எழுதப்பட்ட 17 என்ற வாடிக்கையாளர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்ப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு. தகவலை அட்டவணைகளாக வைக்கும் உறவுத் தரவுத்தளத்தில் (ரிலேஷனல் டேட்டாபேஸ்) அயற்சாவியை அறிவித்துவிட்டால் அந்தக் காவலை அமைப்பே ஏற்கிறது: இல்லாத எண்ணோடு ஆர்டரைச் சேர்க்க விடாது, நாம் வேறுவிதமாகக் கட்டளையிட்டிருந்தாலன்றி, ஆர்டர் இருக்கும்வரை 17ஐ நீக்கவும் விடாது.

உறவுத் தரவுத்தள முறையை முன்வைத்தவரும் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் பணியாற்றியவருமான எட்கர் காட், 1970 ஜூனில் வெளியான தம் கட்டுரையில் ஃபாரின் கீ என்ற சொல்லை வரையறுத்தபோது, சாவி சுட்டும் அட்டவணை அதே அட்டவணையாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார். பணியாளர் அட்டவணையில் மேலாளர் எண்ணும் ஒரு பணியாளர் எண்தானே? அங்கே ‘அந்நியம்’ பொருந்தவே பொருந்தாது, ‘வெளிச்சாவி’ என்று சொல்லிப் பார்த்தாலும் அப்படியே. ‘அயல்’ என்பதோ அயல்நாட்டுக்கும் வரும், அயல்வீட்டுக்கும் வரும். ஒரே அட்டவணையின் அடுத்த வரிசையையும் அது அணைத்துக்கொள்கிறது.

‘சாவி’ போர்த்துகீசியச் சொல் என்ற தடை எழலாம். அது நம் வீட்டுக்குள் வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; ஓர் அட்டவணையின் வரிசைகளை அடையாளம் காட்டும் பிரைமரி கீயும் ‘முதன்மைச் சாவி’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும். புணர்த்தி ‘அயற்சாவி’ என எழுதுவதா, ‘அயல்சாவி’ என விடுவதா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.