மிளகாய்ப்பொடி பையில்தான் இருந்தது: செய்தி பார்த்துப் பயந்த உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வெண்ணாற்றங்கரை:
ஊர் திருவாரூர் மாவட்டம், கல்லூரி தஞ்சாவூரில். தினமும் பஸ்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் வீடு சேர எவ்வளவு நேரமாகும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் இறங்கி ஆற்றங்கரையோடு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு பக்கம் மூங்கில் கொத்து, மறுபக்கம் வயல்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை செய்தியில் வந்ததே, அந்த வாரம் போனில் வேறொன்றும் வரவில்லை. ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தால் அதே மாதிரி பத்து வரிசைகட்டும். எந்த மாநிலத்திலோ, எந்த வருஷமோ நடந்ததெல்லாம் எங்கள் மூங்கில் கொத்துக்குப் பின்னால் நடந்த மாதிரி ஆகிவிட்டது. பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் வைத்தேன். ஹெட்செட் மாட்டுவதை விட்டேன். இறங்கியதும் அம்மாவுக்கு போன் போட்டால் வாசல்படி ஏறும்வரை கட் பண்ண மாட்டேன்.

ஒரு நாள் ஏழு மணி இருக்கும். பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸெல். முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஓடினேன். ஒரு செருப்பு போயிற்று. பைக்குள் கையை விட்டால் பொட்டலம் பிரிந்து கிடக்கிறது, கண் எரிந்தது எனக்குத்தான். "ஏம்மா ஓடுற? இருட்டுல போறியேன்னுதானே வெளிச்சம் காட்டிக்கிட்டு வந்தேன்" என்றார். வண்டியில் மண்வெட்டி. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர். செருப்பை எடுத்துவந்து கொஞ்சம் தள்ளியே வைத்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் தூரத்திலேயே ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போய்விடுகிறார்.

சரி, இதோடு முடிந்திருந்தால் வீண் பயம் என்று எழுதியிருப்பேன். இரண்டு மாதம் கழித்து, மத்தியானம் மூன்று மணி, கூட்டமான பஸ். பின்னால் நின்றவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர், அப்பாவோடு டீ குடிக்கிறவர். கை பட்டது தற்செயல் இல்லை என்று புரியவே எனக்கு இரண்டு ஸ்டாப் ஆனது. சத்தம்கூடப் போடவில்லை. பொட்டலம் பையில்தான் இருந்தது. அவர்மேல் அதை எடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் செய்தவர் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்கிறது. ரீல்ஸில் வந்தது எல்லாம் முகம் தெரியாத ஆள்தான்.

மன்னை பையன்:
2018இல் நான் எட்டாவது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய நேரம். போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். அதே வாரம் எங்கள் தெருவில் பாய் விற்க வந்தவரைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். அடி விழவில்லை. கும்பிட்டபடியே நின்றார். அப்புறம் அவர் எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது அந்த ஜூலையில்தான். அதற்கு முன்னால் அப்பா போனிலிருந்து எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கேட்காதீர்கள்.

குடந்தை ஹாஸ்டல்:
அதுக்காக செய்தியே பார்க்காதே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். போன மாதம் எனக்கு வீடியோ கால், போலீஸ் யூனிஃபார்மில் ஒருத்தன். என் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறதாம், நான் 'டிஜிட்டல் கைது'. சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது என்று செய்தியில் பார்த்திருந்ததால் கட் பண்ணிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்தேன். பார்க்காத என் ரூம்மேட் என்றால் ஃபீஸ் பணத்தை அனுப்பியிருப்பாள்.

எரிச்சல் வேறு ஒன்றில். ஒவ்வொரு பெரிய செய்திக்கும் எங்கள் ஹாஸ்டல் கேட் அரை மணி முன்னால் பூட்டப்படும். பையன்கள் ஹாஸ்டலுக்கு அது எந்தச் செய்தியிலும் நடந்ததில்லை.

வெண்ணாற்றங்கரை:
இதை எழுதிய பிறகு நேற்று ராத்திரி அம்மாவிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன். யார் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா பெயரைச் சொல்லிவிட்டாள்.