பத்து 400 மீட்டரும் கன்னடியன் கால்வாய்க் கரையும்

கால்வாய்க்கரைக்காரன்:
சேரன்மகாதேவியிலிருந்து எழுதுகிறேன். மகன் பத்தாம் வகுப்பு. 1500 மீட்டர் ஓடுகிறான். சென்ற ஆண்டு குறுவட்டத்தில் முதலாவதாக வந்தவன், வருவாய் மாவட்டப் போட்டியில் கடைசிச் சுற்றில் நின்றே போனான். அதிலிருந்து பள்ளிப் பயிற்சியாளர் வாரத்தில் நான்கு மாலை, 400 மீட்டரைப் பத்து முறை விரட்டுகிறார். இடையில் ஒரு நிமிடம்தான் ஓய்வு. மைதானம் 200 மீட்டர் சுற்று, கட்டாந்தரை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்கிறான்.

நானும் ஓடியவன்தான். மெதுவாக நெடுந்தூரம் ஓடினால்தான் மூச்சு பலப்படும் என்பது என் கட்சி. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வாரம் 160 கிலோமீட்டர் ஓடவைத்துத்தானே பீட்டர் ஸ்னெல்லை 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கவைத்தார்? அதனால் விடியற்காலையில் அவனைக் கன்னடியன் கால்வாய்க் கரையில் எட்டு கிலோமீட்டர் கூட்டிப்போகிறேன்; நான் சைக்கிளில். சாரிடம் நேரில் பேசினால் பையனை ஒதுக்கிவிடுவாரோ என்று தயக்கம். தலைமையாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுக்கலாமா?

பழைய 800:
கொடுங்கள் அண்ணாச்சி. நாங்கள் வாயை மூடிக்கொண்டு ஓடியதில், என் முழங்கால் இன்றைக்கும் மாடிப்படியைக் கண்டால் மிரளுகிறது.

விசில் வாத்தியார்:
புகார் இருக்கட்டும். எழுதியதை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். காலையில் எட்டு கிலோமீட்டர், மாலையில் பத்து 400. இரண்டையும் ஓடுவது ஒரே பையன். காலை ஓட்டம் சாருக்குத் தெரியுமா?

லிடியார்டும் நெடுந்தூரத்தோடு நிறுத்தவில்லை. அடித்தளம் போட்டபின் மேட்டு ஓட்டம், அதன்பின் வேகம். உங்கள் சார் பக்கம் சாட்சி வேண்டுமென்றால் செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் ஜடோபெக் இருக்கிறார். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர், 1952 ஹெல்சிங்கியில் மூன்று தங்கம். அவருக்கு அப்போது 29 வயது, டோக்கியோவில் ஸ்னெல்லுக்கு 25. உங்கள் பையனுக்கு எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் டாக்டர். வலி ஒரே இடத்தில் இருந்து, விரலால் அமுக்கினால் சுருக்கென்றால், எலும்பில் கீறல் இருக்கலாம். அதோடு ஓடவே கூடாது. பிறகு சாரைத் தனியாகப் பாருங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். 'என்ன சார் இப்படிச் செய்கிறீர்கள்' என்று வந்த எந்த அப்பாவுக்காகவும் நான் ஒரு சுற்றுகூடக் குறைத்ததில்லை. 'கால் வலிக்கிறது என்கிறான், என்ன செய்யலாம் சார்' என்று கேட்டவர்களுக்குக் குறைத்திருக்கிறேன். வாத்தியார் புத்தி அது, நியாயம் என்று சொல்லவில்லை.

மேலப்பாளையம் அக்கா:
பையன் என்ன சொல்கிறான்? இத்தனை பத்தியில் அவன் பேச்சு ஒரு வரிதான் இருக்கிறது.

கால்வாய்க்கரைக்காரன்:
சுட்டது. பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினேன். கீறல் இல்லை; மூன்று வாரம் ஓடக் கூடாது என்றார். சாரை மைதானத்து வேப்பமரத்தடியில் பார்த்தேன். காலை ஓட்டத்தைச் சொன்னதும், "எட்டு கிலோமீட்டரா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் எங்கள் இருவருக்கும் பயந்து அதை அவரிடம் மறைத்திருக்கிறான்.

மூன்று வாரம் கழித்து வாரத்தில் இரண்டு மாலை 400, ஆறு முறை. இரண்டு காலை கால்வாய்க்கரை, அதுவும் ஐந்து கிலோமீட்டர்தான். ஓய்வு ஒரு நிமிடமா, இரண்டா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. மூன்று வாரம் முடியும்வரை நான் அவனைக் கிளப்பிக்கொண்டு போய்விடாமல் இருக்க, என் மனைவி சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துவைத்துக்கொண்டாள்.