வில்லாந்த்ரி தோட்டம்: ஜூனா, செப்டம்பரா?

பிரான்சில் தூர் நகருக்கு மேற்கே சுமார் 15 கி.மீ.யில் இருக்கும் வில்லாந்த்ரி கோட்டைத் தோட்டத்துக்குப் போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். காய்கறித் தோட்டத்தின் 9 சதுரங்களிலும் ஆண்டுக்கு இரண்டு நடவு. வசந்தப் பயிரை ஜூனில் எடுத்துவிட்டுக் கோடைப் பயிர் வைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் போனால் வெறும் மண்ணும் நாற்றும்தான். முட்டைக்கோசும் பூசணியும் நிறைந்து கோலம் போட்டதுபோல் தெரிய செப்டம்பர்தான் தோது என்பது என் கணக்கு. சரிதானா?

தரையில் நின்றால் புதர்வேலிதான் கண்ணில் படும், வடிவம் பிடிபடாது. மேல்தளப் பாதையிலிருந்து படமெடுக்கக் காலை வெயில் நல்லதா, மாலையா? சக்கர நாற்காலி அதுவரை ஏறுமா? தோட்டத்துக்கு மட்டும் தனிச்சீட்டு உண்டு. இதயமும் கத்தியுமாக வெட்டிவைத்த காதல் தோட்டம் கோட்டைக் கோபுரத்திலிருந்து இன்னும் தெளிவாகத் தெரியுமென்றால் இரண்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாம்.