ரெண்டு பிள்ளைக்கும் இழுப்புதான், ரத்தத்துல மட்டும் ஏன் வேற வேற?

செந்தூல் அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். என் மகனுக்கு 7 வயசு, ரெண்டு வருஷமா வீசிங், சளி பிடிச்சா போதும் நெபுலைசர் வச்சே ஆகணும். போன வாரம் ஸ்கின் டெஸ்ட் எடுத்தோம், கையில பேனாவால நம்பர் போட்டு சொட்டு சொட்டா விட்டு லேசா குத்துனாங்க, 15 நிமிஷம் கழிச்சு பாத்தா தூசிப்பூச்சி, கரப்பான், பூனை எதுக்குமே ஒன்னும் வரல, யாருக்கும் வீங்க வைக்கற ஹிஸ்டமின்னு ஒன்னு, அத வச்ச எடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி வீங்குச்சு. அலர்ஜி இல்லாத ஆஸ்துமாவாம். எங்க நாத்தனார் பொண்ணுக்கோ தூசிப்பூச்சிக்கு நல்லா வீங்குச்சு, ரத்தத்துல இயோசினோபில்ங்கற வெள்ளணுவும் அதிகம். அலர்ஜி இல்லன்னா ஆஸ்துமாவே இல்ல, இன்ஹேலர் பம்ப்ப நிறுத்துன்னு மாமியார் நிக்கறாங்க. என்னதாங்க வித்தியாசம்?

லேப்காரன், பட்டர்வொர்த்:
அக்கா பம்ப்ப மட்டும் நிறுத்திடாதீங்க. நான் டாக்டர் இல்ல, லேப்ல ரத்தம் பாக்கறவன், தெரிஞ்சத சொல்றேன். உங்க நாத்தனார் பொண்ணு உடம்புல தூசிப்பூச்சிக்குன்னே ஐஜிஇங்கற அலர்ஜி ஆன்டிபாடி இருக்கு, அது மாஸ்ட் செல்ங்கற அலர்ஜி செல் மேல ஒட்டிட்டு காத்துட்டு இருக்கும், தூசி மூச்சுல போனதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினக் கொட்டிடும், அதான் உடனே இழுக்குது. இத நடத்தறது டிஎச்2ங்கற வெள்ளணு, அது விடற ஐஎல்-5ங்கற சிக்னல்தான் இயோசினோபில கூட்டிட்டு வரும், ஐஎல்-13 சளியக் கூட்டும். அலர்ஜி இல்லாத பிள்ளைங்கள்ல பல பேருக்கு நியூட்ரோபில், டிஎச்17ன்னு வேற வெள்ளணுங்கதான் முன்னாடி நிக்கும், கிளப்பி விடறது சளி வைரஸ், புகை இந்த மாதிரி. ஆனா கோடு போட்டு பிரிக்க முடியாதுக்கா, அலர்ஜியே இல்லாம இயோசினோபில் ஏறுன பிள்ளைங்களும் இருக்கு, ஐஎல்சி2ன்னு ஒரு செல் ஐஜிஇ தயவே இல்லாம ஐஎல்-5 விடும். வயித்துல புழு இருந்தாலும் இயோசினோபில் ஏறும், அந்த ஒரு நம்பர வச்சு முடிவு பண்ணக்கூடாது. எந்த செல் வந்தாலும் மூச்சுக்குழாய் வீங்கி சுருங்கறது ஒன்னுதான், அத மாமியார்கிட்ட சொல்லுங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் அப்பா:
எங்க பையனுக்கும் இதேதான். 2015 ஜெரபு (புகைமூட்டம்) நேரத்துல ஸ்கூலெல்லாம் மூடுனாங்கல்ல, அப்ப பட்ட பாடு இருக்கே, சன்னல் இடுக்குல ஈரத்துண்டு வச்சு அடச்சோம். ஒரு டவுட், டெஸ்ட்டுக்கு முன்னாடி மூக்கொழுகுதுன்னு சிரப் ஏதும் குடுத்தீங்களா? அந்த மருந்து இருந்தா வீங்காதுன்னு சொல்வாங்க.

செந்தூல் அம்மா:
ஐயோ ரெண்டு வாரம் முன்னாடி குடுத்தேனே!

லேப்காரன், பட்டர்வொர்த்:
ரெண்டு வாரம்னா போயிருக்கும்லா. ஹிஸ்டமின் வச்ச எடம் வீங்குச்சுல்ல, அத வைக்கறதே இதுக்குத்தான், மருந்து மிச்சம் இருந்தா அதுவும் சப்புன்னு போயிருக்கும். வளர வளர அலர்ஜி புதுசா வரலாம், டாக்டர் சொன்னா திரும்ப எடுங்க. ஐஜிஇய பிடிச்சு கட்டற ஓமலிசுமாப் ஊசி அலர்ஜி ஆஸ்துமா பிள்ளைங்களுக்கு, அதுவும் அடங்காத கேஸுக்கு, நாத்தனார் பொண்ணுக்கு ஒருவேளை குடுத்தாலும் நீங்க போய் கேக்காதீங்க. டாக்டர் குடுத்த ஸ்டீராய்டு பம்ப்ப தினமும் ஸ்பேசர்ல (பம்ப்ல மாட்டற குழாய்) போட்டு வாய கொப்பளிக்க வைங்க.

செந்தூல் அம்மா:
நன்றி தம்பி. மாமியார் பேச்ச கேட்டு பூனைய ஈப்போல தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன், டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சனிக்கிழம போய் கூட்டிட்டு வரணும். இவன்கிட்ட வாய்தவறி சொல்லிட்டேன், நேத்துலருந்து பூனை சட்டிய கழுவி வச்சுட்டு உக்காந்திருக்கான்.