ஆறு பேருக்கும் சமமான இடம்

குழு: நம் குடும்பம்

சித்தி (மாலை 6:12): அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்கு வந்த மகள் போட்டுக் காட்டியதால் ‘பிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகும் நிறுத்த மனமில்லாமல் இப்போது ஐந்தாம் சீசனுக்கு வந்துவிட்டேன். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், எதிரெதிர் வீடுகளிலும் ஒரு காபிக் கடையிலுமாகப் பொழுதைக் கழிக்கும் மோனிகா, ரேச்சல், ஃபீபி, ராஸ், சாண்ட்லர், ஜோயி என்ற ஆறு நண்பர்களின் கதை இது. நம் குடும்பத்தில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அண்ணன் (6:20): சித்தி, மிகவும் மகிழ்ச்சி. நான் பள்ளியில் படித்தபோது ஸ்டார் வேர்ல்டு சேனலில் பார்த்த தொடர் அது. 1994 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2004 மே மாதம் வரை பத்து சீசன்கள் ஓடியது. கடைசிப் பகுதியை அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

பெரியம்மா (6:31): ஆறு பேரும் இளவயதினர் என்கிறாய். கண்டிக்கவும் புத்தி சொல்லவும் அந்த வீட்டில் பெரியவர்கள் ஒருவர்கூடக் கிடையாதா?

சித்தி (6:38): அக்கா, நீங்கள் கேட்பதைத்தான் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தாரும் அன்று கேட்டிருக்கிறார்கள். இருபதுகளில் இருப்பவர்களை மட்டும் வைத்து எடுத்தால் மற்ற வயதினர் பார்ப்பார்களா என்று அஞ்சி, அறிவுரை சொல்ல வயதில் மூத்த ஒருவரைச் சேர்க்கச் சொன்னார்களாம். தொடரை உருவாக்கிய டேவிட் கிரேனும் மார்த்தா காஃப்மனும் அரைமனதோடு முயன்று பார்த்துவிட்டு, அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டார்கள். நல்ல வேளையாகக் கைவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். நண்பர்களே குடும்பமாக இருக்கும் வயதைப் பற்றிய கதையில், தீர்ப்புச் சொல்லப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால், அந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கும். பெற்றோர்களும் கதைக்குள் வராமல் இல்லை. மோனிகாவின் தாயார் வரும்போதெல்லாம் மகளிடம் ஏதாவது குறை கண்டுபிடித்துச் சொல்வதையும், அந்தப் பெண் முகம் வாடாமல் நிற்கப் படும் பாட்டையும் பாருங்கள், நீங்களே கண் கலங்குவீர்கள்.

மாமா (6:52): எனக்கு ஒரு சந்தேகம். மன்ஹாட்டனில் அவ்வளவு பெரிய வீட்டுக்கு மோனிகா போன்ற ஒரு சமையல்காரப் பெண் எப்படி வாடகை கொடுக்க முடியும்? ஓரிரு காட்சிகளைப் பார்த்தபோதே எனக்கு அது பொருந்தவில்லை.

அண்ணன் (6:57): மாமா, அதற்குக் கதையிலேயே பதில் இருக்கிறது. அது மோனிகாவின் பாட்டி பெயரில் இருக்கும், வாடகையை இஷ்டப்படி உயர்த்த முடியாத, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு. முறைப்படி பெயர் மாற்றாமலே பேத்தி குடியிருக்கிறாள். நான்காம் சீசனில், கட்டடத்தைப் பராமரிப்பவர் அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட, அவரைச் சமாதானப்படுத்துவதற்காக ஜோயி அவருக்கு நடனப் பயிற்சித் துணையாகப் போய், கடைசியில் அந்த நடனத்தையே விரும்பத் தொடங்கிவிடுவான்.

மாமா (7:03): சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வரிக்கு வரி பின்னணியில் சிரிப்பொலி கேட்கிறதே, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

சித்தி (7:15): அண்ணா, அது பெரும்பாலும் அரங்கில் உட்கார்ந்திருந்த மக்களின் சிரிப்புதான். கலிபோர்னியாவில் பர்பேங்க் என்ற ஊரில் உள்ள வார்னர் பிரதர்ஸ் படப்பிடிப்புக் கூடத்தில், ஏறத்தாழ 300 பேர் முன்னிலையில், மேடை நாடகம் போலவே நடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வரிக்கு மக்கள் சிரிக்கவில்லை என்றால், எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வேறு வரி எழுதிக் கொடுக்க, நடிகர்கள் அதே காட்சியைத் திரும்ப நடிப்பார்கள். இருபத்திரண்டு நிமிடப் பகுதிக்காகப் பல மணி நேரம் அந்த மக்கள் காத்திருந்திருக்கிறார்கள். கதையின் போக்கையே அவர்கள் மாற்றியதும் உண்டு. நான்காம் சீசனின் முடிவில் ராஸின் திருமணத்துக்காக எல்லோரும் லண்டனுக்குப் போகும் பகுதியை அங்கேயே, பார்வையாளர்களை வைத்துத்தான் பதிவு செய்தார்கள். மோனிகாவும் சாண்ட்லரும் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரியவரும் கணத்தில் அரங்கில் எழுந்த ஆரவாரம் அடங்கவே நெடுநேரம் ஆகிறது. சில பகுதிகளோடு முடிந்துவிடுவதாக நினைத்திருந்த அந்த உறவை, அந்த வரவேற்பைப் பார்த்த பிறகுதான் தொடரின் உயிர்நாடியாக வளர்த்தெடுத்தார்கள்.

நான் (7:24): சித்தி, உங்களுக்கு ஆறு பேரில் யாரை அதிகம் பிடித்திருக்கிறது?

சித்தி (7:40): ஒருவரைச் சொல்ல முடியவில்லையம்மா, இந்தத் தொடரை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணமும் அதுதான். பொதுவாகத் தொடர் என்றால் ஒரு கதாநாயகன் அல்லது கதாநாயகி இருப்பார், சுற்றி இருப்பவர்கள் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பார்கள். இங்கே ஆறு பேரும் கச்சேரியில் முதன்மைக் கலைஞர்கள். நான்காம் சீசனில் வரும் வினாடி வினாப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரை நன்றாக அறிவார்கள் என்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குவாதம் வந்து, ராஸ் ஓர் ஆசிரியரைப் போலக் கேள்வி அட்டைகளைத் தயாரித்து நடத்துகிறான். மோனிகா தன் துவாலைகளை எத்தனை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறாள் என்பது ஒரு கேள்வி, பதினொன்று என்பது பதில். பந்தயம் ஏறிக்கொண்டே போய், பெண்கள் தோற்றால் வீட்டையே ஆண்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிலை வருகிறது. அப்போது, சாண்ட்லர் என்ன வேலை செய்கிறான் என்ற மிக எளிய கேள்விக்கு அந்தப் பெண்களால் பதில் சொல்ல முடியவில்லை, வீடு கைமாறுகிறது. அந்த நேரத்தில் ஃபீபி, தன் தம்பிக்காக அவன் குழந்தையைத் தான் சுமக்கும் முயற்சியில் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள். வீடு பறிபோன சண்டை உச்சத்தில் இருக்கும்போது, கருவுற்றிருக்கிறேன் என்று அவள் வெளியே வந்து சொன்னதும், அத்தனை கூச்சலும் ஒரு நொடியில் அடங்கி எல்லோரும் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அண்ணன் (7:46): ஃபீபியாக நடித்த லிசா குட்ரோ அப்போது உண்மையிலேயே கருவுற்றிருந்தார், அதற்கு இடம் தருவதற்காகத்தான் அந்தக் கதையை எழுதினார்கள் சித்தி. ஆறு பேரும் சமம் என்று நீங்கள் சொன்னது திரைக்கு வெளியிலும் உண்மை. தொடக்கத்தில் அவர்கள் வாங்கிய சம்பளம் வெவ்வேறாக இருந்தது. 1996-இல், தனியாகப் பேசினால் கூடுதலாகப் பெறக்கூடிய நிலையில் இருந்தும், ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மர் மற்றவர்களை அழைத்து, ஆறு பேரும் சேர்ந்தே பேசி ஒரே தொகையைப் பெறுவோம் என்றார். கடைசி இரண்டு சீசன்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதிக்குப் 10 லட்சம் டாலர் கிடைத்தது அந்த ஒற்றுமையால்தான்.

நான் (7:55): எனக்கும் இந்தத் தொடர் பிடிக்கும், என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை இனத்தவர் வாழும் நியூயார்க்கில் நடக்கும் கதையில், முக்கியமான கறுப்பினப் பாத்திரம் ஒன்றைக் காண ஒன்பதாம் சீசன் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மார்த்தா காஃப்மனே பின்னாளில் அதற்காக வருந்தி, 2022-இல் தாம் படித்த பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகளுக்கான பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ 40 லட்சம் டாலர் வழங்கினார்.

சித்தி (8:02): நீ சொல்வது நியாயமான குறைதான். ஆறு பேருக்குச் சமமான இடம் தந்தவர்கள், அந்த ஆறு பேர் யார் என்று தேர்ந்தெடுக்கும்போதும் அதே அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும். அவர் வருத்தத்தைச் சொல்லோடு விடாமல் செயலிலும் காட்டியதை நான் மதிக்கிறேன்.

மாமா (8:10): நீங்கள் சொல்வதைக் கேட்டு எனக்கும் ஆவல் வந்துவிட்டது. இன்றிரவு அந்த வினாடி வினாப் பகுதியையே முதலில் போட்டுப் பார்க்கிறேன்.

சித்தி (8:16): அண்ணா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஆறு பேரோடும் நீங்கள் பழகியிருந்தால்தான் அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் சிரிப்பைத் தரும். ரேச்சல் மணக்கோலத்தில் காபிக் கடைக்குள் ஓடிவரும் முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள். முதல் சில பகுதிகள் சற்று மெதுவாகப் போகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். சாண்ட்லர் எதிர்பாராத சொல்லில் அழுத்தம் கொடுத்து வேகமாகப் பேசுவான், ஆகவே சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மா (8:19): தம்பி, நான் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கீழே இறங்கி வருகிறேன், அதுவரை தொடங்காமல் இரு.