ஆச்சியின் பிடி அரிசி

பாட்டி மடியில் உட்கார்ந்து வேத வசனம் படித்ததைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு ஆச்சி என்றதும் முதலில் ஞாபகம் வருவது அரிசிதான்.

எங்கள் வீடு அயனாவரத்தில். தாத்தாவுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து 1957இல் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். ஆச்சிக்குச் சொந்த ஊர் நாசரேத்து, தாத்தாவுக்கு மெஞ்ஞானபுரம். ஆச்சி வீடு எஸ்.பி.ஜி., தாத்தா வீடு சி.எம்.எஸ். இரண்டுமே இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மிஷன்தான் என்றாலும், அந்தக் காலத்தில் எந்த மிஷன் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆச்சிக்கு வயது பதினாறு. "எல்லாம் ஒரே சபைன்னு ஆன பொறவும் உங்க தாத்தா என்னைய எஸ்.பி.ஜி.க்காரின்னுதாம்ளா கூப்பிடுவாவ" என்று சொல்லிச் சிரிப்பார்.

சரி, அரிசிக்கு வருகிறேன். சமையலறை அலமாரியில் ஒரு பழைய அமுல் டின் இருக்கும். உலையில் போடுவதற்கு முன்னால், களைவதற்கும் முன்னால், ஆச்சி அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போடுவார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கிடையாது, அதற்கு வசதி இல்லை. ஒரே பிடிதான். ஆனால் அதை ஒரேயடியாகக் கொட்டமாட்டார். விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். விடும்போது வாய் பேர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தாத்தா, அப்பா, அம்மா, அத்தை, மாமா, நான், தம்பி, பக்கத்துப் போர்ஷன் அக்கா, அந்த அக்காவின் வேலையில்லாத வீட்டுக்காரர். கடைசிப் பேரோடு கடைசி அரிசி விழும். பேர் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையுமே தவிர பிடி கூடாது. சின்ன வயதில் என் பேருக்கு எத்தனை அரிசி விழுகிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

அந்த அரிசி கோவிலுக்குப் போகும். சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். அறுப்பின் பண்டிகை அன்று ஏலத்தில் விட்டு, பணத்தை மிஷனரி ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். கல் பொறுக்கிக்கொண்டே ஆச்சி அந்தக் கதையைச் சொல்வார். 1903இல் பாளையங்கோட்டையில் நம் ஆட்களே சேர்ந்து இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்ததை, அங்கிருந்து தோர்ணக்கல் தெலுங்கு மக்களிடம் ஆள் அனுப்பியதை, திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பின்னால் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனதை எல்லாம் சொந்தக்காரர் கதைபோலச் சொல்வார். "வெள்ளக்காரன் நமக்குக் கொண்டாந்தான். நாம அடுத்தவனுக்குக் கொண்டுபோவண்டாமா?" ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எனக்குத் திருச்சபை வரலாறு என்று ஏதாவது தெரியும் என்றால் அது சுளகில் அரிசி புடைத்த சத்தத்தோடு சேர்ந்துதான் தெரியும்.

2009இல் அப்பா சாலை விபத்தில் இறந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அடக்கம் முடிந்து வந்த ஒருவர் அம்மாவிடம், "குடும்பத்துல அறிக்கை செய்யாத பாவம் ஏதாச்சும் இருக்கான்னு ஆராய்ந்து பாருங்க" என்றார். ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதற்கப்புறம் கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

மறுநாள் காலை நடந்ததை இன்றைக்கும் கண் முன்னால் பார்க்கிறேன். ஆச்சி எழுந்து அரிசி அளந்தார். பிடி எடுத்தார். வாய் வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. தாத்தா பேரை அவர் இறந்த அன்றோடு நிறுத்தியிருந்ததால், இப்போது அப்பா பேர்தான் முதலில் வரும். வந்தது. அப்படியே நின்றுவிட்டார். கை டின்னுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விரல் இடுக்கிலிருந்து நாலைந்து அரிசி தானாக விழுந்தது. பெற்ற பிள்ளை. நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னும் யாருக்கு ஆச்சி போடறீங்க? ஆண்டவர் நமக்கு என்ன செஞ்சிட்டார்?" என்று கத்திவிட்டேன். ஆச்சி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்பா பேரை இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, மீதி அரிசியை விட்டார்.

அன்றிலிருந்து தினமும் அப்பா பேரை இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார். அம்மா பயந்துபோய், நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லையே அத்தை என்றாள். "அவனுக்காக ஜெபம் பண்ணலம்மா. ஒண்ணு அவனத் தந்ததுக்கு. இன்னொண்ணு அவன எடுத்துக்கிட்டவர்கிட்ட நான் இன்னும் பேச்ச நிறுத்தலங்கறதுக்கு" என்றார். விசுவாசம் என்றால் என்ன என்று நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் என் மனசில் நிற்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அது புரியவில்லை, கோபம்தான் வந்தது.

ஆறு வருஷம் ஆச்சி என்னைக் கோவிலுக்கு வா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, வேதப்புத்தகப் பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேம்ளா" என்று மட்டும் சொல்வார். என் பேர் டின்னுக்குள் விழுந்துகொண்டேதான் இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, ஜனங்கள் மொட்டைமாடியில் இருந்தார்கள். எங்கள் கோவில் ஹாலில் சமைத்துப் பொட்டலம் கட்டி வேனில் அனுப்பினார்கள். ஆச்சிக்கு எண்பத்து நாலு வயது. தண்ணீரில் நடக்க முடியாது. டின்னை எடுத்து என் கையில் வைத்து, "குடுத்துட்டு வந்துரு" என்றார்.

குடுத்துவிட்டு வரத்தான் போனேன். கேட்டுக்குள் நுழைந்தபோது கால் கொஞ்சம் நடுங்கியது. ஹாலில் பெண்கள் ஐக்கியச் சங்கத்து அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர், கரண்ட் இல்லாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் டின்னை வாங்கி அப்படியே அண்டா அரிசியில் கவிழ்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் எது ஆச்சி அரிசி, எது மற்றவர்களுடையது என்று தெரியாமல் போனது. "வெங்காயம் உரிக்க ஆள் வேணும், உக்காரும்மா" என்றார். ஆறு வருஷமாக எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாள் அங்கேதான் இருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டிருந்தபோது, என் வாய் பேர் சொல்லிக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பேர். அம்மா, தம்பி, ஆச்சி. அப்பா பேர் வந்தபோது என் கையும் நின்றது. இரண்டாவது தடவையும் சொன்னேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

வேதத்தில் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் பாட்டியாகிய லோவிசாளுக்குள் நிலைத்திருந்த விசுவாசம் என்று சொல்கிறார் இல்லையா, அந்த இடம் வரும்போதெல்லாம் லோவிசாள் வீட்டுச் சமையலறை எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். அவள் என்ன போதித்தாள் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. பேர் மட்டும்தான் இருக்கிறது.

ஆச்சி 2019இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். டின் என்னிடம் இருக்கிறது, அடியில் துருப்பிடித்ததால் உள்ளே காகிதம் போட்டிருக்கிறேன். நான் குக்கரில்தான் வைக்கிறேன், டம்ளரில் அளந்து. பிடி மட்டும் அதே பிடி. என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. ஸ்டூலில் ஏறி நின்று பேர் சொல்வது அவள் வேலை. பள்ளிக்கூட வேன் அங்கிளை அவளாகச் சேர்த்திருக்கிறாள். போன வாரம் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, தாத்தா பேரு மட்டும் ஏன் ரெண்டு வாட்டி?"

"பெரியாச்சி அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டாவது தடவை சொல்லி, கையைத் திறந்தாள்.