பெர்லின் துருக்கியச் சந்தை: பார்க்கப் போகலாமா, வாங்கப் போகலாமா?

வழிப்போக்கன்:
பெர்லினுக்கு வருகிற ஒவ்வொருவரையும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் நொய்கோல்ன் பகுதியின் லாண்ட்வேர் கால்வாய்க் கரையில் கூடும் துருக்கியச் சந்தைக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தை நாம் நிறுத்திக்கொள்ளலாம். மேற்கு ஜெர்மனி 1961 அக்டோபரில் துருக்கியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தை நம்பி வந்த குடும்பங்கள் அடுக்களைக்கு வேண்டியதை வாங்கிய கரை அது. இன்றோ கைவினைக் காதணிக் கடைகளின் முன்னால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை விலக்கித்தான் ஒரு கட்டுப் புதினா வாங்க வேண்டியிருக்கிறது.

கத்தரிப்பிஞ்சு:
வெள்ளிக்கிழமை பிற்பகலில் போயிருப்பீர்கள் போலும். காலை பதினொரு மணிக்குக் கடை விரித்ததும் போய்ப் பாருங்கள். சக்கரப் பையை இழுத்து வரும் பாட்டிமார் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பிடிக்காததைக் கடைக்காரர் முகத்துக்கு எதிரேயே திரும்பப் போடுவார்கள். துணிக் கடைகளில் திரைச்சீலைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவைப் பார்த்த பிறகே மீட்டர் கணக்கில் வெட்டச் சொல்வார்கள். இதுவா காட்சிப்பொருள்?

வாடகைவாசி:
இருவரும் காரணத்தை விட்டுவிட்டு விளைவைப் பற்றி வாதிடுகிறீர்கள். பெர்லின் சுவர் நின்ற காலத்தில் இந்தப் பகுதி மேற்கு பெர்லினின் ஓரம். வாடகை குறைவு என்பதால்தான் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1989இல் சுவர் திறக்கப்பட்ட பின்னர் அதே ஓரம் நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. பெர்லின் 2020இல் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் செல்லாது என்று அறிவித்தது. காய்கறி வாங்கும் குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்தால் அந்த இடத்துக்குக் காதணிக் கடைதான் வரும். பயணிகளைக் குறைசொல்லிப் பயனில்லை.

வழிப்போக்கன்:
பயணிகள் கூட்டமும் வாடகையும் தொடர்பற்றவை என்று நான் நினைக்கவில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று பெயரெடுத்த தெருவில் வாடகை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கத்தரிப்பிஞ்சு:
இருப்பினும் வியாபாரியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டாமா? மாலை ஆறரைக்குச் சந்தை முடிகிறது. அதற்குச் சற்று முன்பு, மீந்த தக்காளியை வண்டியில் திரும்ப ஏற்ற மனமில்லாதவர்கள், தட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விலையை இறக்கிக் கூவுவார்கள். அதை வாங்கப் பெரிய குடும்பம் வேண்டும். விடுதி அறையில் தங்கியிருப்பவர் ஒரு தட்டுத் தக்காளியை என்ன செய்வார்? மெல்லிய குழவியால் மாவைக் காகிதம்போல் தேய்த்து, பசலைக்கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துச் சுடும் கோஸ்லெமேயை அவர் நண்பகலில் வாங்கித் தின்கிறார். அந்த வருமானமும் சந்தைக்குத் தேவைதானே.

வழிப்போக்கன்:
அந்தக் காசு கோஸ்லெமே சுடுகிற பெண்மணிக்குப் போகிறது. தக்காளிக்காரருக்கு அதில் ஒரு சென்ட்டும் இல்லை. பயணிகளை அனுப்புவதானால், ஒரு கிலோ அத்திப்பழமோ கால் கிலோ ஆலிவோ வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியே அனுப்புங்கள்.